தானே பட்டை விழும் நூல்

டிக், டிக், பிறகு ஒரு மூச்சு அளவு மௌனம், மறுபடியும் டிக். சுகிர்தம் அக்காவின் பின்னல் ஊசிகள் அப்படித்தான் சத்தமிடும். சைக்கிள் சக்கரக் கம்பியை வெட்டி, முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அவரே செய்துகொண்ட ஊசிகள் அவை. புதன்கிழமை மத்தியானங்களில் நெடுகொம்பை சர்ச் ஹாலில் தொற்காள் தையல் சங்கத்துப் பெண்கள் இருபத்தொரு பேர் வட்டமாக உட்கார்ந்து, தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட, அனாதை விடுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னும்போது, மற்ற இருபது பேருடைய ஊசிச் சத்தமும் மழைக்குள் கரைந்துபோகும், அவருடையது மட்டும் தனியாகக் கேட்கும், அந்த ஒரு மூச்சு மௌனத்தினால். அந்த மௌனம்தான் லேஸ். ஊசியில் நூலை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும். ஓட்டையை எங்கே விடுவது என்று தெரிந்து விட்டால் லேஸ், தெரியாமல் விட்டால் கிழிசல் என்பார். நாற்பத்துமூன்று வருஷம் ஆகிறது. மழைக் காலத்தில் சில மத்தியானங்களில் அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, எழுந்துபோய்ப் பார்த்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும்.

சுகிர்தம் அக்காவும் அவருடைய தங்கை எப்சிபா டீச்சரும் நாசரேத்துப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு, தங்கைக்கு நாற்பத்தேழு, இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். அக்கா பள்ளிக்கூடங்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். தங்கை பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். நான் அதே பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டு, போஸ்ட் ஆபீசுக்கு எதிரே இருந்த அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன்.

அந்த அக்டோபரில் கோயம்புத்தூர்க் கண் டாக்டர், சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது, ஈஸ்டர்வரைக்கும் பார்வை நிற்கலாம், அதற்குள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் எப்சிபா டீச்சரிடம் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்த அன்று சாயங்காலம் டீச்சர் குடையைக்கூட மடக்காமல் நடுக்கூடத்தில் நின்றார்.

“பாக்க வேண்டியத எங்கக்கா போய்ப் பாக்க? பத்தடி தாண்டினா எல்லாம் பாலுக்குள்ள கெடக்கு. மூக்குக்கிட்ட வந்தாத்தான் தெரியுது. இந்தத் தேயிலை மலையத் தூக்கியாந்து மூக்குக்கிட்ட வைக்க முடியுமா?”

“மலைய முடியாது. சால்வைய முடியும்” என்றார் அக்கா. “எல்லா நிறத்துலயும் ஒண்ணு போட்டுத் தாரேன். மூக்குல ஒட்டி வச்சுப் பாரு. முதல்ல அந்தக் குடைய மடக்குட்டி, வீடெல்லாம் ஈரம்.”

மறுநாள் ஹபீப் பாயின் கம்பளிக் கடைக்கு அக்காவோடு நானும் போனேன். அக்கா பதினைந்து நிறத்தில் மெல்லிய நூல் கேட்டார். ஹபீப் பாய் தலையைச் சொறிந்தார்.

“லேஸ்ல எவங்க்கா கலர் கேக்கறான்? வெள்ளை கேப்பான், சந்தனம் கேப்பான். ஆனா இதப் பாருங்க. லூதியானா ஏஜெண்ட் சாம்பிளுக்குன்னு குடுத்துட்டுப் போனான். பட்டை தானா விழுமாம். நீங்க நூல் மாத்த வேணாம், முடிச்சுப் போட வேணாம். பின்னிக்கிட்டே போனா அதுவா கலர் மாறுமாம்.”

“இது சாம்பலால்லா இருக்கு?”

“உருண்டையில சாம்பல்தான். பின்னறப்ப வருமாம். எங்கிருந்துய்யா வரும்னு நானும் கேட்டேன். ஏஜெண்ட் சிரிச்சான்.”

பெரிய உருண்டை, ஆட்டுக்குட்டியின் தலை அளவு இருந்தது. அக்கா அதை மணந்து பார்த்தார், நூலை நாக்கில் வைத்துப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நூற்றிருபது கண்ணி ஏற்றினார். சாம்பல் நூல் அவருடைய ஆள்காட்டி விரலைத் தாண்டியதும் சிவப்பாகி ஊசியில் ஏறியது. நல்ல சிவப்பு. அக்கா அதை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று பின்னிக்கொண்டே போனார், நான்காவது வரிசை பாதியில் எதிர்ப்புறத்திலிருந்து போஸ்ட்மாஸ்டர் கோதண்டம், “ஐயையோ, பெட்டி!” என்று கத்தினார். போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்ற தபால் பெட்டியில் அடியிலிருந்து மேலே சாம்பல் நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

கோதண்டம் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். ஊசியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்.

“நம்ம சிவப்புதான். மூணு வருஷம் முன்னாடி நானே பக்கத்துல நின்னு அடிக்க வச்சது. எங்க பாத்தாலும் தெரியும்.”

“நான் எடுக்கலியே சார். அதுவா வந்துது” என்றார் அக்கா.

“வந்தது தெரியுது. பத்திரமா இருக்குமா?”

“அந்துருண்டை போட்டு வைப்பேன்.”

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. மேலிடத்துக்கு எழுதினார், சிவப்புப் பெயிண்ட் அடிக்கவும் என்று பதில் வந்தது, அடித்தார், சாயங்காலத் தபால் எடுப்பதற்குள் பெயிண்ட் சாம்பலாகிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சால்வையைப் பார்த்துவிட்டு, நிறம் பாதுகாப்பான இடத்தில் உள்ளது என்று ஆபீஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினான்கு வரிசைக்கு ஒரு பட்டை. இரண்டாவது பட்டை எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பாவாடை நீலம். காலை வழிபாட்டில் முந்நூறு பிள்ளைகள் சாம்பல் பாவாடையோடு நின்றதைப் பார்த்த ஹெட்மிஸ்ட்ரஸ், சுத்தமாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுச் சங்கீதம் வாசித்தார். அந்தப் பட்டையில்தான் அக்கா கண்ணி எண்ணியதில் பிசகி இரண்டு வரிசையைப் பிரித்தார். பிரித்த நேரத்தில் மைதானத்தில் டிரில் செய்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் மட்டும் நீலமாகிவிட்டார்கள், அக்கா மறுபடி பின்னி முடித்ததும் பழையபடி ஆனார்கள். பின்னினால் போகும், பிரித்தால் வரும் என்று ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டதும் ஊர் நிம்மதியாகிவிட்டது, ஏனென்றால் திரும்பி வரக்கூடியதை எங்கள் ஊரில் யாரும் போனதாகக் கணக்கில் வைப்பதில்லை.

மூன்றாவது பட்டை சீகை மரத்துப் பூவின் மஞ்சள். அதற்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் கட்சிக் கொடிகள். ஜனவரியில் தேர்தல், ஊர் முழுக்க இரண்டு கட்சியின் கொடிகளும் கட்டியிருந்தன, எல்லாம் சாம்பலாகிவிட்டதில் இரண்டு கட்சிக்காரர்களும் தவறிப்போய் அடுத்தவர் ஊர்வலத்தில் நடந்தார்கள், சிலர் பாதி தூரம் போனபின் தெரிந்தும் பேச்சுத்துணை நன்றாக இருந்ததால் கடைசிவரை நடந்தார்கள், தேர்தல் முடிவு வந்த அன்று யார் வெடி போடுகிறார்கள் என்று தெரியாமல் எல்லாரும் மிட்டாய் வாங்கிக்கொண்டார்கள்.

இதற்குள் அக்கா வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் நிறம் போனவர்கள் மட்டும் வந்தார்கள், சொந்தக்காரப் பிள்ளையை விடுதியில் போய்ப் பார்க்கிற மாதிரி, ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு. பிறகு நிறம் போகாதவர்கள் வந்தார்கள், அவர்களுக்குத்தான் வருத்தம் அதிகம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு என்ன குறை என்று ஒருவர் கேட்டார். சங்கத் தலைவி ஞானதிக்கம் அம்மாள் வாய்விட்டுக் கேட்கவில்லை. தன்னுடைய கத்தரிப்பூ நிற டாலியாச் செடியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொண்டுவந்து, வெயில் இங்கேதான் நன்றாக விழுகிறது என்று அக்காவின் முக்காலிக்குப் பக்கத்தில் மூன்று நாள் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஆறாவது பட்டை விழுந்தது. வாளியின் நீலம்.

“வாளி சாம்பலாப் போச்சே தவிர டாலியா அப்படியே நிக்கிது, பாத்தியா?” என்று எப்சிபா டீச்சர் சிரித்துக்கொண்டே சால்வையை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்ததும் கை கழுவிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பட்டையை எடுத்துக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கீழிருந்து மேலாக, நோட்டுத் திருத்துகிறவர் போலப் பார்த்துக்கொண்டே போவார். “அக்கா, போஸ்ட் பெட்டி இவ்வளவு அழகுன்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாதே” என்பார். “பேசாமப் பாரு” என்பார் அக்கா. டிக், டிக், மௌனம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஏழாவது பட்டைக்குப் பச்சை வந்தது. மலை போய்விட்டது. பட்டை முடிந்த மறுநாள் காலையில் எழுந்து கதவைத் திறந்தால், ரோட்டுக்கு மேலேயும் கீழேயும், கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாத் தேயிலைச் சரிவும் அடுப்படிச் சாம்பலைக் கொட்டிவைத்த மாதிரி கிடந்தன. எஸ்டேட் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கி, கொழுந்து இளம்பச்சை, முற்றின இலை கரும்பச்சை, இரண்டும் ஒரே சாம்பலாக இருந்தால் பெண்கள் எதைப் பறிப்பார்கள், எதை விடுவார்கள் என்று ரோட்டில் நின்று சத்தம் போட்டார். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த சிட்டம்மா நின்றாள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்தவள், முப்பது வருஷக் கை.

“தொரை, கொழுந்தைக் கண்ணால பறிக்கிறதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“பின்னே?”

“வெரலு பறிக்கிது. கண்ணு சும்மா அட்டை வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கும். கொழுந்து வளையும், முத்தினது வளையாது. நாங்க பேசுறது ஒரு பக்கம், பாக்குறது ஒரு பக்கம், கை அதும்பாட்டுக்குப் போகும். சாங்காலம் நிறுத்துப் பாருங்க.”

சாயங்காலம் நிறுத்துப் பார்த்தார்கள். முந்தின நாளைவிட இரண்டு கிலோ அதிகம். மேனேஜர் ஃபாக்டரித் தூளில் தேநீர் போட்டுப் பார்த்தார், அது எப்போதும் போலச் சிவந்து இறங்கியது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆனால் எட்டாவது பட்டையின் முதல் இரண்டு வரிசை வானத்து நீலமாக விழுந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மூலையில், சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி, சாம்பல் ஏறத் தொடங்கியது. அன்றைக்குத்தான் பஞ்சாயத்துத் தலைவர் போஜன் சர்ச் ஹாலில் கூட்டம் போட்டார்.

“அக்கா, பெட்டி போச்சு, பாவாடை போச்சு, பொறுத்துக்கிட்டோம். மலையே போச்சு, அதையும் பொறுத்துக்கிட்டோம். வானம் போச்சுன்னா ஏப்ரல் சீசனுக்கு எவன் வருவான்? சாம்பல் வானத்தப் பாக்க அவனவன் ஊர்லயே இருந்துக்குவானே!”

“பதினாலு வரிசையில ரெண்டு முடிஞ்சுது” என்றார் அக்கா. “மிச்சம் பன்னெண்டு. பத்து நாள்ல முடிச்சு என் தங்கச்சி கையில குடுத்துருவேன். அதுக்காகத்தான் தொடங்கினது. முடிக்காம விடமாட்டேன்.”

“குடுத்தப்புறம் வானம்?”

“அவ பாத்து முடிச்சதும் பிரிச்சுத் தாரேன்.”

“எப்பப் பாத்து முடிப்பாங்க?”

கேட்ட போஜனே தரையைப் பார்த்தார். எப்சிபா டீச்சர் முன் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரியாததால் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருந்தது. ஞானதிக்கம் அம்மாள் எழுந்து, பத்து நாள் வானம் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, மழைக்காலத்தில் மூன்று மாதம் இல்லாமல்தானே இருக்கிறோம் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினார்கள். போஜனும் கடைசியில் தூக்கினார்.

அக்கா அதற்குப் பிறகு சாப்பிடும்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். ஆனாலும் சங்கத்து வேலை ஒருநாள், வீட்டுக்கு வந்தவர்கள் ஒருநாள் என்று இரண்டு நாளில் ஒரு வரிசைகூட முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சனிக்கிழமை, பள்ளி இல்லை, நான் கீழே கூடத்தில் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா ஊசியோடு உட்கார்ந்திருந்தார், பின்னி முடித்த பாகம் தரையில் இறங்கி டீச்சர் மடியில் கிடந்தது. டீச்சர் கீழ்ப்பட்டையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர், விரலை நிறுத்தினார். அதைப் பின்னுக்குக் கொண்டுபோனார். மறுபடியும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார்.

“அக்கா, இங்க ஒரு ஓட்டை இல்ல.”

“எங்கட்டி?”

“சிவப்புல. அடியில.”

அக்கா வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான்காவது வரிசை. இலைபோன்ற அந்த அமைப்பில் ஒரே ஓர் இலைக்கு மட்டும் நடுக்கண் இல்லை. கோதண்டம் பெட்டி என்று கத்திய நேரத்தில் அக்காவின் கை ஒரு சுற்று நூலை விட்டிருக்கிறது. அத்தனை நடந்தும் எங்கள் ஊர் ஆச்சரியப்பட்டதற்கு அடையாளமென்று இருந்தது அது ஒன்றுதான், ஒரு சுற்று நூல் அளவு.

“பிரிக்கணும்லா?” என்றார் டீச்சர்.

“எதுக்கு? ஆயிரம் ஓட்டையில ஒண்ணு இல்லன்னா உனக்குக் குளிராதுட்டி.”

“சங்கத்துல தப்பு கண்டா அந்த இடம் வரைக்கும் பிரிக்கணும்னு சட்டம் வச்சதே நீதான? அன்னைக்கு ஒரு ஸ்வெட்டருக்கு ஞானதிக்கம் அம்மாள அழ வச்சிட்டு?”

“அது அனாதப் பிள்ளைகளுக்குப் போறது. அந்தப் பிள்ளைக குறை சொல்லாதுன்னுதான் நாம பாத்துச் செய்யணும். இது வீட்டுக்குத்தான?”

“அப்ப நான் குறை சொல்லுவேன்னு தப்போட தாரியாக்கும்.”

அக்கா சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“எப்சி. நாலு மாசமா இதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“வெரல்ல தட்டுச்சு.”

“கண்ணுல?”

டீச்சர் சால்வையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

“ரெண்டு வாரமா சேறுதாங்க்கா தெரியுது. மஞ்சள் நீலத்துக்குள்ள போவுது, நீலம் பச்சைக்குள்ள போவுது, ஓட்டை வழியா மடியில இருக்க சேலை வேற தெரியுது, எல்லாஞ் சேர்ந்து குழம்பிப் போவுது. நெருக்கிப் பின்னியிருந்தா ஒருவேளை…” என்று நிறுத்திக்கொண்டார். அக்காவின் கையிலிருந்து வரும் லேசுக்காகக் கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் ஆள் வருவார்கள்.

“ஏன் சொல்லல?”

“நீ வேகமாப் பின்னிக்கிட்டு இருந்தே.”

நான் சிவப்பு மையை மூடினேன்.

பிறகு டீச்சர் சொன்னார். “ஒத்தை நூலா இருந்தாத் தெரியுதுக்கா. நேத்து ஊசியிலயிருந்து ஒரு முழம் நூலு நழுவி என் டிராயிங் ஷீட்டு மேல விழுந்து கெடந்துது, வானத்து நூலு. வெள்ளைத் தாள் மேல. கிட்ட வச்சுப் பாத்தேன். நல்லாத் தெரிஞ்சுது. அப்படியே சுத்தமா.”

சுகிர்தம் அக்கா ஊசியில் இருந்த நூற்றிருபது கண்ணிகளையும் ஒருமுறை கையால் தடவினார். லேஸ் பின்னுகிறவர்கள் உயிர் போனாலும் செய்யாத காரியம் அது: சைக்கிள் கம்பியை உருவிப் பக்கத்தில் வைத்தார்.

“ஷீட்ட எடுத்துட்டு வா” என்றார் என்னிடம். “ஜன்னல் கிட்ட நாற்காலியப் போடு. நீ உருண்டை சுத்து. வேகமாச் சுத்தாத, அவ சொல்லும்போது சுத்து.”

மூன்று நாள் பிரித்தோம். திங்கட்கிழமை பள்ளிக்கு இருவரும் லீவு எழுதிக் கொடுத்தோம். டீச்சர் மடியில் அட்டை, அட்டை மேல் வெள்ளைத் தாள், அக்கா கண்ணி கண்ணியாக நெகிழ்த்துவார், நூல் தாளின் மேல் நெளிந்து நெளிந்து வரும், டீச்சர் முகத்தைத் தாளோடு வைத்துப் பார்ப்பார், ம் என்பார், நான் சுற்றுவேன். அக்காவின் விரலுக்கும் என் உருண்டைக்கும் நடுவே ஒரு முழம். அந்த ஒரு முழத்தில்தான் நிறம் இருந்தது, என் கைக்கு வந்ததும் சாம்பலாகிவிடும். வானம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து, வந்துருச்சு, வந்துருச்சு என்று கூச்சல் கேட்டது. போஜன் வாசலில் வந்து, தீர்மானம் போட்டதை மதித்ததற்குப் பஞ்சாயத்தின் சார்பில் நன்றி என்றார். தீர்மானம் வேறு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பச்சைக்கு ஒரு முழு நாள் ஆனது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சை, ஒற்றை நூலில் பார்த்தால் ஒரு முழத்துக்கு ஒரு பச்சை. டீச்சர் விடவில்லை. “நில்லு. இது கொழுந்து. இது மூணாவது எலை. இது சவுக்கு நிழல்ல நிக்கிற செடி. இது என்னக்கா? ஆ, ஃபாக்டரிக்குப் பின்னாடி ஓடைப்பக்கம் இருக்குமே, அது. நில்லு, நில்லு, இன்னொரு தடவை.” அக்கா அந்த முழத்தை என் கைக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். மலை சரிவு சரிவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது, யாரும் கதவைத் தட்டவில்லை, இருமினாலும் துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினார்கள். டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்தது. பிரிந்த நூலின் பஞ்சு மூக்கில் ஏறியிருந்தது, ஏழெட்டுத் தும்மல் தும்மினார்.

வாளி நீலம் வந்தபோது, “இது டாலியா இல்ல, ஞானதிக்கம் அம்மாகிட்ட சொல்லீருங்க” என்றார், ஜன்னலுக்கு வெளியே நின்ற ஞானதிக்கம் அம்மாளே முதலில் சிரித்தார். கொடிகளின் நிறம் திரும்பிப் போனது. சீகைப் பூ மஞ்சளை டீச்சர் மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார். யாருமே உரிமை கேட்காத நிறம், அதனால் அவசரமில்லை என்றார். பாவாடை நீலத்துக்கு வந்தபோது திங்கட்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது; பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்தது, நூல் ஓட ஓட வகுப்பு வகுப்பாக நீலமாகிக்கொண்டு வந்ததை ஹெட்மிஸ்ட்ரஸ் வராந்தாவில் நின்று பார்த்ததாகப் பிறகு சொன்னார். எப்சிபா டீச்சர் இப்போது மெதுவாகச் சொன்னார், ஒவ்வொரு முழத்துக்கும் நேரம் எடுத்துக்கொண்டார், சில முழங்களுக்கு ம் என்பதோடு சரி.

சிவப்பு தொடங்கும்போது மணி நாலரை. ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. சிவப்பு நூல் தாளின் மேல் வந்தது. டீச்சர் முகத்தைத் தாழ்த்தி வைத்திருந்தார். அவர் ம் என்பதற்காக நான் சுற்றாமல் காத்திருந்தேன்.

“தெரியுதாட்டி?” என்றார் அக்கா.

“தெரியுது.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்ல சிவப்பு. பெட்டிச் சிவப்பு. நீ சுத்தும்மா” என்றார் என்னிடம்.

சுற்றினேன். தாள் அவர் மடியிலிருந்து எப்போதோ நழுவித் தரையில் விழுந்துகிடந்தது. சிவப்பு நூல் அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட சேலையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, அவர் முகம் அதற்கு ஒரு சாண் இடதுபக்கம், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து, அதே கவனத்தோடு குனிந்திருந்தது. அக்கா கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு பத்து வரிசையையும் அக்கா முன்னைவிட மெதுவாகத்தான் பிரித்தார், ஒவ்வொரு முழத்துக்கும் நின்றார், ஒவ்வொரு தடவையும் தெரியுதா என்று கேட்டார், தங்கை ஒவ்வொரு தடவையும் தெரியுது என்றார்.

நான்காவது வரிசை வந்ததும் அக்கா நிறுத்தினார். ஓட்டை விழாத இடத்தை நெகிழ்த்தினார். அந்த வரிசையும் நூலாகிக் கைக்கு வந்துவிட்டது.

“தப்பு இதோட சரி. கீழ உள்ள மூணு வரிசை சரியாத்தான் இருக்கு” என்றார். “சரியா இருக்கறதப் பிரிக்க எனக்குச் சட்டம் இல்ல.” மூன்று வரிசைச் சிவப்பை அப்படியே ஊசியில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

கோதண்டம் வாசலில் நின்றிருந்தார். தபால் பெட்டி உச்சியிலிருந்து சிவந்து வந்து, அடியில் மூன்று விரற்கடை சாம்பலோடு நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“நான் அன்னைக்குக் கத்தியிருக்கக் கூடாது” என்றார்.

“நீங்க கத்தலன்னா வேற யாராவது கத்தியிருப்பாங்க சார்” என்றார் அக்கா. “அடிப்பக்கம் வேணுமா?”

“அங்க யாரு பாக்கறா? சேறு தெறிக்கிற இடம்” என்றார் கோதண்டம். நோட்டில் அப்படியே எழுதினார். எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தும் அந்த மூன்று விரற்கடை இன்றுவரை பிடிக்கவில்லை.

சாம்பல் உருண்டையை ஹபீப் பாய் திரும்ப வாங்கிக்கொண்டார், பிரித்த நூல் என்று முகம் சுளிக்கவில்லை. அக்கா அந்த மூன்று வரிசையின் மேல் சாதாரணச் சந்தன நூலில் பின்னத் தொடங்கி, ஓட்டைகளை முன்னைவிடப் பெரிதாக, விரல் நுழைகிற மாதிரி விட்டு, ஜூன் மழை தொடங்குவதற்குள் முடித்துத் தங்கையின் தோளில் போட்டார்.

எப்சிபா டீச்சருக்கு அந்த வருஷம் ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பே பார்வை முழுவதும் போய்விட்டது. பள்ளி வேலையை விட்டார். சிட்டம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜரிடம் நிறுத்தினாள். ஃபாக்டரி இலைக் கொட்டகையில், பறித்து வந்த கூடைகளில் கைவிட்டு, கொழுந்தோடு கலந்துவிட்ட முற்றின இலையை எடுத்துப் போடுகிற வேலையில் சேர்ந்து, பதினோரு வருஷம் அங்கே இருந்து ஓய்வு பெற்றார்.